மூன்று ராணிகளும் ஒரு தசமப்புள்ளியும்

நெய்விளங்காடு என்று ஒரு ராஜ்ஜியம். அங்கே மகுடமும் உண்டு, மின்சாரமும் உண்டு. அது எப்படி என்று கேட்டால் கதை நகராது, விடுங்கள்.

ராஜா கடம்பராயர் நல்ல சாப்பாட்டுப் பிரியர். அவருக்கு மூன்று ராணிகள். மூன்று பேரும் சீதனமாக ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார்கள். உள்ளே கணக்குப் போடும் பிராசஸர் மூன்றிலும் ஒன்றேதான். அதை ஆட்டிவைக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் மட்டும் பிறந்த வீட்டுக்குப் பிறந்த வீடு வேறு.

திருவிழா வந்தது. ராஜாவுக்குத் துலாபாரம், எடைக்கு எடை வெல்லம். அந்த ஊர் வழக்கப்படி ராஜாவை மூன்று வேளை எடைபோட்டு, கூட்டி, மூன்றால் வகுக்க வேண்டும். கூட்டினால் முந்நூற்று நாற்பது கிலோ. வகுத்தால் நூற்றுப்பதிமூன்று, ஒரு புள்ளி, அப்புறம் மூன்று மூன்றாக முடிவே இல்லாத ஒரு வால்!

வினை அந்த வாலில் வந்தது. ஒரே புரோகிராமை மூன்று கம்ப்யூட்டரிலும் ஓட்டினார்கள். வால் நுனி மூன்று விதமாக வந்தது. “எங்க அப்பா வீட்டுக் கம்ப்யூட்டரா தப்பா சொல்லும்?” என்று மூன்று அந்தப்புரமும் அமளிதுமளிப்பட்டது.

சபையில் ஆவுடையப்பன் என்று ஒருவன் இருந்தான். அரண்மனையின் டீபக்கர் அவன் எழுதியது. ஓடுகிற புரோகிராமைப் பாதியில் நிறுத்தி, அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்கிற கருவி அது. வாய்த்துடுக்கும் அவனுக்கு உண்டு. அதனாலேயே மந்திரி வச்சிரராயருக்கு அவனைக் கண்டால் ஆகாது.

மந்திரி எழுந்தார். “மகாராஜா! பிராசஸருக்குள் தசம எண்களை வைக்கத் தனிப் பெட்டிகள் உண்டு. ரெஜிஸ்டர் என்பார்கள். இவன் டீபக்கர் முழு எண்களைத்தான் காட்டுகிறது. தசமப் பெட்டிகளையும் திறந்து காட்டட்டும். மூன்று சிஸ்டத்திலும்!”

“பேஷ்!” என்றார் ராஜா.

“ஒரு நிபந்தனை. எந்த ராணியின் சிஸ்டத்துக்காகவும் தனியாக ஒரு வரிகூட எழுதக் கூடாது. எழுதினால் பாரபட்சம் ஆகிவிடும்.”

“அதுவும் சரிதான். ஆவுடையப்பா, முடியாவிட்டால் நாட்டை விட்டு நடையைக் கட்டு.”

ஆவுடையப்பன் யோசித்தான். பெட்டி மூன்றிலும் ஒரே மாதிரிதான், ஆனால் அதில் இருப்பதை வெளியே எடுத்துத் தருவது அந்தந்த சிஸ்டம். ஒன்று மேலிருந்து அடுக்கித் தரும், ஒன்று கீழிருந்து. இன்னொன்று கேட்கிற விதத்தில் கேட்டால்தான் பெட்டியையே தொடும். தனியாக எழுதாமல் எப்படி?

அவன் கும்பிட்டான். “ஆகட்டும் மகாராஜா. அதற்கு முன் தாங்கள் எனக்கு வழிகாட்ட வேண்டும். மூன்று அந்தப்புரத்துக்கும் போய், ‘நலமா?’ என்று கேட்டுவிட்டு வாருங்கள். ஒரே மாதிரிப் போக வேண்டும். யாருக்கும் தனி மரியாதை கூடாது. தாங்கள் செய்வதைப் பார்த்து நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.”

“இவ்வளவுதானே!” ராஜா மகுடத்தோடு விறுவிறுவென்று கிளம்பினார்.

மூத்த ராணி முறைத்தாள். “வீட்டுக்குள்ளேயும் மகுடமா? கழற்றி வைத்துவிட்டு வர எத்தனை தடவை சொல்வது?” கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

நடு ராணிக்கு மகுடம் இருந்தால்தான் பிடிக்கும். அங்கே மட்டும் காரியம் நடந்தது.

இளைய ராணியிடம் வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். ராஜா நேரே உள்ளே போனார். திருடன் என்று நினைத்த தோழி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அப்படியே கொட்டிவிட்டாள்.

சொட்டச் சொட்டச் சபைக்கு வந்த ராஜா கத்தினார். “அட மடையா! மூன்று பேரும் எனக்கு மனைவிதான். அதற்காக மூன்று வாசலிலும் ஒரே மாதிரியா நுழைய முடியும்? அந்தந்த வாசலுக்கு அந்தந்த முறை!”

“உத்தரவு மகாராஜா. அப்படியே எழுதுகிறேன்.”

மந்திரி வாயைத் திறந்தார். ராஜா மஞ்சள் முகத்தோடு அவரைப் பார்த்தார். மந்திரி வாயை மூடிக்கொண்டார்.

அப்புறம் என்ன? முன்னால் ஒரே டீபக்கர், ஒரே கட்டளை. பின்னால் மூன்று சிஸ்டத்துக்கும் முறை தெரிந்த மூன்று சின்னப் பகுதிகள். சபையில் ஓட்டிக் காட்டினான். தசமப் பெட்டிகள் திறந்தன. விஷயம் வெட்டவெளிச்சமானது. ஒரு சிஸ்டம் வாலை நீளமாக விடச் சொல்லியிருந்தது, ஒன்று பாதியில் நறுக்கச் சொல்லியிருந்தது, ஒன்று ஒட்ட நறுக்கச் சொல்லியிருந்தது.

மந்திரி விடுவாரா? இந்த நேரத்துக்குத்தான் காத்திருந்தார். “அருமை! அப்படியானால் தப்பு எந்த ராணியின் சிஸ்டத்தில்? அதையும் சொல்லிவிடும் ஓய்.”

பட்டுத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. மூன்று ராணிகளும் அங்கேதான் இருந்தார்கள். யாரைச் சொன்னாலும் அவள் அவனை ஊரில் இருக்க விடமாட்டாள்.

“சொல்லு, தப்பு யார் பேரில்?” என்றார் ராஜா.

ஆவுடையப்பன் ஓரடி முன்னால் வந்தான். “தங்கள் பேரில்தான் மகாராஜா.”

சபை திடுக்கிட்டது. காவலன் ஈட்டியைத் தூக்கினான்.

“முந்நூற்று நாற்பதை மூன்றால் வகுத்தால் வால் முளைக்கும். முந்நூற்று முப்பத்தொன்பதை வகுத்தால் கச்சிதமாக நூற்றுப்பதிமூன்று. புள்ளியும் இல்லை, வாலும் இல்லை, நறுக்க ஒன்றும் இல்லை. மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரே ஒரு கிலோ குறையுங்கள். ராணிமார் யார் பேரிலும் தப்பே இராது.”

திரைக்குப் பின்னாலிருந்து மூன்று குரல்கள் ஒன்றாக எழுந்தன. “இன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது!”

ஆவுடையப்பன் கைகூப்பினான். “பார்த்தீர்களா மகாராஜா, மூன்றிலும் ஒரே விடை!”

ராஜா முதலில் விழித்தார். பிறகு தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “என்னுடைய ராத்திரிச் சாப்பாட்டை இவனுக்கே போடுங்கள். பாயசத்தையும் சேர்த்து!”