கழுகுப்பாறையில் திறந்த வாசல்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பொய் என்றால் எனக்கு மிச்சமிருக்கிற இரண்டு பல்லும் இப்போதே விழட்டும்!

மேகநல்லூர் அரசரிடம் ஒரு பறக்கும் தேர் இருந்தது. அதை ஓட்டிய கிழவர் ஓய்வு கேட்டார். புது ஓட்டி வேண்டும். “ஆணோ பெண்ணோ, எந்தத் தெருவோ, யார் வேண்டுமானாலும் தேர்வுக்கு வரலாம்!” என்று அரசர் முரசறைய வைத்தார்.

ஏற்பாடெல்லாம் அமைச்சர் பல்லவதரையர் கையில். அவருக்கு ஓர் அக்காள் மகன், பெயர் கோமளன். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தேர்வைக் கழுகுப்பாறை உச்சியில் வைத்தார்! படி கிடையாது, பாதை கிடையாது. பறந்துதான் போகவேண்டும். மருமகனை மட்டும் முதல் நாளே அரசரின் தேரில் ஏற்றிப்போய் மேலே உட்கார வைத்துவிட்டார்.

மறுநாள் அடிவாரத்தில் ஜனம் அலைமோதியது. அரசரோடு வந்த விகடகவி சாத்தப்பரை ஓடக்காரி வடிவாம்பாள் மறித்தாள்.

“ஐயா, சுழிக்காத்துல ஓடம் விட்டவ நான். நான் ஓட்டிப் பாத்தப்புறம் ‘நீ வேணாம்’னு சொன்னா போயிடறேன். ஏற வழியே இல்லையே! பொழுது சாஞ்சா தேர்வு முடிஞ்சுதாமே!”

சாத்தப்பருக்குச் சுருக்கென்றது. “இங்கேயே இரு தாயே” என்று சொல்லிவிட்டு அரசரோடும் அமைச்சரோடும் தேரில் ஏறினார்.

மேலே கோமளன் அதிரசம் தின்றுகொண்டிருந்தான்.

“பார்த்தீர்களா அரசே!” என்றார் அமைச்சர். “வாசல் ஊருக்கே திறந்து கிடக்கிறது. வந்தவன் இவன் ஒருவன்தான். மற்றவர்களுக்கு ஆர்வமே இல்லை.”

சாத்தப்பர் விளிம்பில் எட்டிப் பார்த்தார். “வாஸ்தவம் அரசே. கதவில்லை, காவலில்லை. தரைதான் கொஞ்சம் தள்ளி இருக்கிறது.”

பிறகு அரசர் காதில் ஏதோ கிசுகிசுத்தார். அரசர் மீசைக்குள் சிரித்தார். மறுகணம் அரசர், சாத்தப்பர், ஓட்டிக் கிழவர் மூவரும் தேரோடு கீழே வந்துவிட்டார்கள். வெகு நேரமாகியும் தேர் மேலே போகவில்லை.

“ஓய் சாத்தப்பரே! எங்களை மறந்துவிட்டீரா?” என்று உச்சியிலிருந்து அமைச்சர் கத்தினார்.

“வாசல் திறந்துதானே இருக்கிறது? வாருங்களேன்!”

“விளையாடாதேயும்! தேர் இல்லாமல் எப்படி ஐயா இறங்குவது?”

“தேர் இல்லாமல் எப்படி ஐயா ஏறுவது? காலையிலிருந்து இந்தப் பெண் அதைத்தான் கேட்கிறாள்!”

வெயில் ஏறியது. அதிரசமும் தீர்ந்தது. “மாமா, தாகம்!” என்று கோமளன் அழ ஆரம்பித்தான்.

“சரி ஐயா, சரி!” என்று அமைச்சர் அலறினார். “அடிவாரத்திலேயே தேர்வை வைக்கிறேன். எல்லோரும் ஓட்டிப் பார்க்கட்டும். நான் இறங்கி வருகிறேன், இறங்கி வருகிறேன்!”

சாத்தப்பர் அரசர் பக்கம் திரும்பிக் கைகட்டி நின்றார்.

“கேட்டீர்களா அரசே? அமைச்சர்தான் இறங்கி வந்துவிட்டாரே. இனி அவருக்குத் தேர் எதற்கு?”

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டு ஓடியது. கழுத்து முத்துமாலை சாத்தப்பருக்குப் போனது. கிழவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் ஓட்டிப் பார்த்தார்கள். வடிவாம்பாள் ஜெயித்தாள். அவளுடைய முதல் சவாரி யார் என்கிறீர்கள்? மாமனும் மருமகனும்தான்! கோமளன் தரை தட்டும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

அந்த அமைச்சரின் வம்சத்தார் இன்னமும் எங்கெங்கோ ஆள் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் என்னைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.