பெருவிரல் மை

அப்பாவின் காரியம் முடிந்து மடத்துக்குத் திரும்பிய சீடன் உலகநாதன் வெறுங்கையோடு வரவில்லை. தோளில் தொங்கிய பையில் ஒரு பத்திரமும் ஒரு மைப்பெட்டியும் இருந்தன.

மலையடிவாரத்தில் அது ஒரு சின்ன ஓட்டு மடம். மழை பெய்தால் அவன் குருவான சாமி படுக்க இடம் தேட வேண்டும். அதனால் பையை இறக்கும்போது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மனசு அப்படித்தான். நடுவீட்டில் குப்பை கிடந்தாலும் வாசலில் கோலம் போடும்.

"சாமி, எங்க பெரியண்ணன் மடத்துக்குத் தோப்பு எழுதி வைக்காரு. ஏத்துக்கிட்டதா நீங்க ஒரு கைநாட்டு வச்சாப் போதும்."

சாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரத்தைத் தொடவும் இல்லை.

"தோப்பு யாருது?"

"அப்பாவோடது. இப்போ அண்ணனுக்கு. வீடு, வயல், பாங்கில கெடக்குறது எல்லாம் அவருக்குன்னு அப்பா உயில்ல கைநாட்டு வச்சிருக்காங்க."

"ஒனக்கு ஒரு தங்கச்சி உண்டும்லா?"

"செண்பகவல்லி. புருசன் போன பொறவு அந்த வீட்லதான் இருக்கா. அப்பாவப் படுக்கையில வச்சுப் பாத்தது அவதான்."

"அவளுக்கு என்ன?"

"இந்த மாசத்துக்குள்ள வீட்டக் காலி பண்ணணும்."

சாமி அவன் முகத்தையே பார்த்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. உலகநாதன் துண்டின் நுனியை முறுக்கினான்.

"சாமி, ஒரு சந்தேகம். குடும்ப மானத்தக் காப்பாத்த ஒரு பொய் சொன்னா, அது பாவமா?"

"என்ன பொய்?"

முறுக்கிய துண்டை விட்டான். பிறகு சொன்னான்.

"அப்பாவக் குளிப்பாட்டுனது நாந்தான். பெருவிரல்ல மை இருந்துச்சு."

"உயிர் போன பொறவு வச்ச மையா?"

"ஆமா சாமி."

"நீ என்ன செஞ்ச?"

"சீயக்காய் போட்டுத் தேச்சுட்டேன்."

செத்த தோல் லேசில் விடவில்லை. உறவுக்காரர்கள் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்ற, இவன் அந்தக் கையை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான். மகன் அப்பன் கையை விட மாட்டேன் என்கிறானே என்று பெண்கள் இன்னும் பலமாக அழுதார்கள். அவனோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தான். அண்ணன் ஊர் முன்னால் தலைகுனியக் கூடாது, அவ்வளவுதான் என்று அப்போது தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

"அதோட முடிஞ்சுதா?"

"இல்ல சாமி. பதினாறாம் நாள் சொந்தக்காரங்க கூடி, உயில எடுத்து வச்சுப் பேசுனாங்க. தங்கச்சி எந்திரிச்சு நின்னா. 'அப்பா கண்ண மூடுற வரைக்கும் நான் பக்கத்துலதான் இருந்தேன். எதுலயும் கைநாட்டு வைக்கல. யாரு பேச்சையும் நான் நம்ப மாட்டேன். சின்னண்ணன் காவி கட்டுனவன், பொய் சொல்ல மாட்டான். அவன் சொல்லட்டும். அண்ணே, குளிப்பாட்டும்போது அப்பா விரல்ல மை இருந்துச்சா?'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னேன்."

"அவ?"

இதைச் சொல்லாமல் தப்பிவிடலாம் என்றுதான் உலகநாதன் வழியெல்லாம் நினைத்து வந்தான்.

"பெரியண்ணன அநியாயமாச் சந்தேகப்பட்டுட்டேனேன்னு அழுதா சாமி. என் கால்ல விழுந்து கும்பிட்டா."

"நீ கால நகட்டலையா?"

"இல்ல."

"தோப்பு தாரேன்னு எப்போ சொன்னாரு?"

"அன்னைக்குச் சாயங்காலம்."

சாமி பையைப் பார்த்தார்.

"இந்த மைப்பெட்டி?"

"வீட்ல இருந்தது. ஒண்ணுதான் இருந்துச்சு சாமி. நீங்க கைநாட்டுதான் வைப்பீங்கன்னு அண்ணன் கையோட குடுத்து விட்டாரு."

சொல்லி முடிக்கும் முன்பே அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சுமந்து வந்தபோது தோன்றாதது, வாயால் சொல்லும்போது தோன்றியது. அப்பா விரலில் மை ஒற்றிய அதே பெட்டியை நாலு பஸ் மாறித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்!

"திற," என்றார் சாமி.

திறந்தான். சாமி இடதுகைப் பெருவிரலை மையில் அழுத்தி எடுத்தார். உலகநாதன் அவசரமாகப் பத்திரத்தை விரித்தான். வெட்கத்தோடு வெட்கமாக ஒரு நிம்மதியும் வந்தது. சாமியே வாங்கிக்கொள்கிறார் என்றால் அப்படியொன்றும் பெரிய பாவமாக இருக்காது.

சாமி பத்திரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. கிடந்த பாயில் மல்லாந்து படுத்தார். கால் இரண்டையும் சேர்த்து நீட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். மை படிந்த கை அவன் மடிப்பக்கம் வந்து விழுந்தது.

"சாமி, எந்திரிங்க."

அசைவில்லை.

"நான் என்ன செய்யணும்? சொல்லுங்க சாமி. தங்கச்சி மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

கண்ணைத் திறக்காமலே சாமி சொன்னார்:

"தொடைச்சு விடுல. ஒனக்குப் பழக்கந்தான?"