எதைக் கேட்டாலும் பதில்

"ஏழு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க மேடம். எட்டாவது தடவைக்கு எனக்குத் தெம்பில்லைங்க."

தணிகாசலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. பழைய கம்பெனி மூடிய பிறகு, பிள்ளைகள் வயதுக்காரர்களோடு உட்கார்ந்து மறுபடி புரோகிராம் எழுதக் கற்றவர். கற்றுக்கொடுத்த ஃபரீதாவுக்கு முப்பத்து மூன்று.

கோவையில், ஐசியூ மானிட்டர்களுக்கு மென்பொருள் செய்கிற சின்ன நிறுவனம் அது. அவர் எழுதியது தேறினால் வேலை நிலைக்கும். அன்றுதான் கடைசி நாள்.

எழுதியது ஒரு சின்னக் கருவி. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், மானிட்டரில் எந்த அமைப்பு எந்த அளவில் வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும்.

ஏழு தடவையும் ஃபரீதா ஒரே குறிப்பைத்தான் எழுதினாள்: 'எதைக் கேட்டாலும் பதில் வருகிறது.'

பாவம் மனிதர், அதைப் பாராட்டு என்று நினைத்தார். இன்னும் நாற்பது கேள்விகளுக்குப் பதில் சேர்த்தார்.

"என்ன குறைன்னு சொல்லக் கூடாதுங்களா?"

ஃபரீதா எழுந்து, சோதனை மேஜையில் இருந்த மானிட்டர் பக்கம் போனாள்.

"கேளுங்க சார். ஆக்சிஜன் எவ்வளவுக்குக் கீழ போனா அலாரம் அடிக்கணும்?"

தட்டினார். 90 என்று வந்தது.

நோயாளிக்குப் பதிலாக ஒரு சோதனைப் பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள். ஃபரீதா அதன் குமிழைத் திருப்பி ஆக்சிஜன் அளவைக் குறைத்தாள்.

எண்பத்தைந்து. எழுபது. ஐம்பது.

மானிட்டர் சத்தமே போடவில்லை.

"அலாரம் கெட்டுப்போச்சுங்களா?"

"இல்ல. இதுல அந்த அளவை இன்னும் யாரும் வைக்கவே இல்ல."

"அப்ப தொண்ணூறு?"

"நீங்கதான் சொல்லணும்."

அவர் தன் புரோகிராமைத் திறந்து அந்த வரியைப் பார்த்தார்.

"அளவு கிடைக்கலைன்னா... காலியா விட்டா நல்லா இருக்காதேன்னு... வழக்கமா வைக்கிறதையே போட்டுட்டேங்க."

திரையில் 90 அப்படியே நின்றது. அந்த எண்ணை நம்பி அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிற நர்ஸைத் தணிகாசலம் நினைத்துப் பார்த்தார்.

"இப்பவே திருத்திடறேங்க. ஒரு மணி நேரம் போதும்."

"தேறலைன்னு எழுதி மத்தியானமே மேலிடத்துக்கு அனுப்பிட்டேன் சார்."

அதைச் சொல்ல அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த வயதில் இனி எந்தக் கதவைத் தட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

போன் அடித்தது. மனைவி கோமளா. ஆறு மாதமாக தினமும் கேட்கிற கேள்விதான்.

"வேலை எப்படிங்க போகுது?"

"நல்லா..."

திரையில் அந்த 90 இன்னும் நின்றது.



"இல்ல கோமளா," என்றார். "வேலை இல்ல."