பின்சீட்டில் ஏறிய ராஜா

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. தள்ளி இருந்தால் இந்தக் கதையோட குலுக்கல் தெரியாது.

கருங்கானூர் ஜமீன் ராஜா காட்டுக்குப் போக ஒரு ஜீப்பு வாங்கினார். நல்ல வண்டிதான். காரியஸ்தர் அனந்தப்பருக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. பாரம் ஏற்றினால் வண்டி பின்னால் படுக்கிறது என்று சொல்லி, பின்பக்கத்தில் குலுக்கலைத் தாங்குகிற வில்பட்டைகளைக் கழற்றிவிட்டு லாரிப் பட்டைகளைப் பூட்ட வைத்தார். வண்டி பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூட்டை ஏற்றினால் சரி. மனுஷர் ஏறினால் பட்டை அசைந்தே கொடுக்காது. பள்ளம் வந்தால் ஆள் கூரையைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

ராஜா எப்போதும் முன்சீட்டு. அவருக்கென்ன தெரியும்? பின்சீட்டில் போய்வந்த ராணியம்மாவின் தாயார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, காரியஸ்தர் பழியை டிரைவர் இசக்கிமுத்து தலையில் போட்டார். பட்டை பஞ்சு மெத்தையாம், இவனுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லையாம். கோயில் கொடைத் திருவிழா முடிந்ததும் அவனை வேலையை விட்டு அனுப்பிவிடச் சொன்னார் ராஜா.

பிள்ளைகுட்டிக்காரனான இசக்கிமுத்து, அரண்மனைப் புலவர் வேலாண்டியிடம் போய் நின்றான். புலவர் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டார். பிறகு ராஜாவிடம் போய், கொடைக்கு வருகிற மலைக்கோயில் தீர்த்தக்குடத்தை இந்தத் தடவை மாட்டுவண்டியில் கொண்டுவருவானேன், ஜீப்பிலேயே கொண்டுவரலாமே என்றார். ராஜாவுக்குப் பரம சந்தோஷம்.

மலைமேல் பூசாரி குடத்தோடு வந்ததும், புலவர் முன்சீட்டில் வைக்கோல் புரிமணையைப் போட்டு, அதன்மேல் குடத்தை உருளாமல் உட்கார வைத்துவிட்டார். அந்த ஜமீனில் தீர்த்தம் முன்னே போகும், ராஜா பின்னே போவார். தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். ராஜாவும் பின்னால் ஏறினார். ஒரு பக்கம் காரியஸ்தர், மறுபக்கம் புலவர்.

முதல் பள்ளத்தில் தலைப்பாகை பறந்தது. அடுத்ததில் ராஜாவின் தலை கூரைக் கம்பியில் இடித்தது.

"நிறுத்துடா வண்டியை. காரியஸ்தர் சொன்னது சரிதான், உனக்கு ஓட்டத் தெரியலை."

"மகாராஜா, முன்னாலே குடத்தைப் பாருங்க," என்றார் புலவர். "கழுத்து வரைக்கும் தண்ணி. ஒரு சொட்டு சிந்தலை. அதையும் இவன்தானே ஓட்டிக்கிட்டு வர்றான்?"

ராஜா குடத்தைப் பார்த்தார். காரியஸ்தரைப் பார்த்தார். காரியஸ்தர் கூரையைப் பார்த்தார்.

"பஞ்சு மெத்தைன்னு சொன்னீரே, ஓய்?"

இசக்கிமுத்துவுக்கு வேலை நிலைத்தது. பழைய பட்டையைத் திரும்ப மாட்டுகிற வரைக்கும் காரியஸ்தருக்குப் பின்சீட்டுத்தான் என்று உத்தரவாயிற்று. ராஜா மண்டையைத் தடவிக்கொண்டே வயிறு குலுங்கச் சிரித்தார். என்ன வேணும், கேளும் புலவரே என்றார்.

மலைப்பாதை இன்னும் பாதி பாக்கி இருந்தது.

"தீர்த்தத்தைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணுமில்ல, மகாராஜா," என்று சொல்லிவிட்டுப் புலவர் இறங்கிச் சுற்றிப்போய், குடத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.