கொம்பையாவும் வண்ணமுத்துவும் மறுபடி மோதிய கதை

ஒரே ஒரு ஊரிலே, வானத்தை உரசுகிற கோட்டைச் சுவர் இருந்த ஒரு ராஜதானியிலே, கொம்பையா என்றொரு குத்துச் சண்டைப் பயில்வான் இருந்தான். எப்படி இருந்தான் என்று கேளுங்கள். உட்கார்ந்தால் கட்டில் முனகும், எழுந்தால் தரை முனகும், நடந்தால் தெருவே முனகும், அப்படி இருந்தான். ஆனால் அது அவன் தலை கறுத்திருந்த காலம். நம் கதை நடக்கிற காலத்தில் அவன் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் நடந்தாலும் முனகியது அவனுடைய முழங்கால்தான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வண்ணமுத்து என்று இன்னொரு பயில்வான். இளமையில் இருவரும் ஒருமுறை மோதினார்கள். காலையில் தொடங்கிய குத்து உச்சிவெயிலிலும் முடியவில்லை, பொழுது சாய்ந்தும் முடியவில்லை. மழை வந்து கோதாவைக் குளமாக்கிய பிறகுதான் முடிந்தது. இருவரில் யார் பெரியவன் என்று ஊருக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வி கொம்பையாவின் நெஞ்சில் செரிக்காத சோறு போலக் கிடந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் வாங்கிய குத்துகளில் அவனுடைய இடது கண் அவிந்து போயிருந்தது. பார்ப்பவர்களுக்கு நல்ல கண்ணாகவே தோன்றும். பார்வை மட்டும் இராது. "தலையில் இனி ஓர் அடி பட்டால் வலது கண்ணும் போய்விடும்" என்று அரண்மனை வைத்தியர் சொல்லியிருந்தார். இது வைத்தியரையும் தன் மனைவி மாடத்தியையும் தவிர வேறு எவருக்கும் தெரியாது என்றுதான் கொம்பையா நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த ராஜாவுக்கு ஒரு மைத்துனன் இருந்தான். அழகுத்துரை என்று பெயர், ராணியின் தம்பி, அயல்தேசத்திலிருந்து வந்து அரண்மனைச் சோற்றில் கொழுத்தவன். "திருவிழாவில் ஊரே வாயைப் பிளக்கும்படி ஒரு வேடிக்கை காட்டு; உன்னைப் படைக்குத் தளவாயாக ஆக்குகிறேன்" என்று ராஜா அவனிடம் சொல்லிவிட்டார். வேடிக்கைக்கு அவன் எங்கே போவான்? நேரே கொம்பையா வீட்டுக்குப் போனான்.

முதல் நாள் பட்டு வேட்டி கொண்டுபோனான். "பயில்வானே, வண்ணமுத்துவோடு இன்னொரு முறை மோதும்" என்றான்.

"எனக்கு வயசாயிட்டு, ஐயா. பட்டை நீங்களே உடுத்துங்க" என்றான் கொம்பையா.

மறுநாள் வண்டி நிறைய நெல் கொண்டுபோனான். "எனக்குப் பல்லே பாதிதான் இருக்கு, ஐயா. அரைப்படிக் கஞ்சி போதும்" என்றான் கொம்பையா.

மூன்றாம் நாள் வெறுங்கையோடு போனான். நாக்கை மட்டும் கொண்டுபோனான். "நான் வற்புறுத்த வரவில்லை, பயில்வானே. வண்ணமுத்து சொன்னதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன். 'அன்றைக்கு மழை வராதிருந்தால் கொம்பையா என் காலில் விழுந்திருப்பான். மழைக்கு ஒரு கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லுங்கள்' என்று சொல்லிச் சிரிக்கிறான்."

அவ்வளவுதான். பட்டுக்கு அசையாதவன், நெல்லுக்கு அசையாதவன், அந்தச் சொல்லுக்கு அசைந்துவிட்டான். "தேதி குறிங்க" என்றான்.

அழகுத்துரை போனதும் மாடத்தி உலக்கையைச் சாத்திவிட்டு வந்தாள். "வண்ணமுத்து அப்படிச் சொன்னதை உங்க காதால கேட்டீங்களா?"

"ராஜா மச்சினன் பொய் சொல்லுவானா?"

"ராஜாவுக்கு மச்சினன்னா உண்மைக்கும் மச்சினனா? உங்களுக்கு இருக்கிறது ஒத்தைக் கண்ணு. அந்தக் கண்ணுல மட்டுந்தான் நான் இன்னும் குமரியா இருக்கேன். அதையும் கோதாவுல கொட்டிட்டு வந்தா என்னை யாரு பார்ப்பா?"

கொம்பையா அந்த ஒற்றைக் கண்ணால் அவளை ஆசையாகப் பார்த்தான். ஆனால் வந்த கோபம் திரும்பிப் போகவில்லை.

திருவிழா நாளும் வந்தது. அந்த நாட்டுக் கோதாவுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. ஒருவன் கைமுட்டியில் மற்றவன்தான் துணி சுற்ற வேண்டும். அப்போதுதான் உள்ளே கல்லை ஒளித்து வைக்க முடியாது. துணி சுற்றிய பிறகு, மழை வந்து கலைத்தாலொழிய, ஒருவன் மண்ணில் விழாமல் ஆட்டம் முடியாது. சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டியவன் எவனாயினும் அவனும் ஆட்டக்காரனே. அயல்தேசத்தானாகிய அழகுத்துரை இவற்றைக் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை.

முரசு முழங்கியது. கொம்பையா துணியை எடுத்து வண்ணமுத்துவின் கையைப் பற்றினான். கையா அது? முறுக்கிய வேர் போல இருந்தது.

"விரலை மூடும்வே" என்றான் கொம்பையா.

"மூடாதுவே" என்றான் வண்ணமுத்து. "கஞ்சிக் கும்பாவைக்கூட மருமகதான் பிடிக்கா."

கொம்பையாவின் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது: இன்றைக்கு வென்றுவிடலாம்! துள்ளிய பிறகு அதுவே வெட்கப்பட்டது.

அடுத்து வண்ணமுத்துவின் முறை. உள்ளங்கைகளாலும் பல்லாலும் துணியைச் சுற்றி, "இந்தா, நுனியைப் பிடி" என்று இடப்பக்கமாக நீட்டினான். கொம்பையா காற்றைப் பிடித்தான்.

"அந்தப் பக்கம் தெரியலையோ?" என்று மெல்லக் கேட்டான் வண்ணமுத்து.

"தெரியலை. ஆமா, இந்தக் கையை வச்சுக்கிட்டு என்னத்துக்குவே என்னை மழைக்குக் கோயில் கட்டச் சொன்னீர்?"

"நானா? 'வண்ணமுத்து மழையில நின்னு அழுதான், மழை எது கண்ணீர் எதுன்னு தெரியலை'ன்னு நீருல்லா சொன்னீராம்!"

"யாரு சொன்னா?"

"உமக்கு யாரு சொன்னா?"

இருவரும் ஒன்றாகத் திரும்பிப் பட்டுக் குடையின் கீழிருந்த அழகுத்துரையைப் பார்த்தார்கள். முரசுச் சத்தத்தில் அவர்கள் பேசியது வேறு ஒருவர் காதிலும் விழவில்லை.

"துணி சுத்தியாச்சே. ஒருத்தன் விழுந்தாத்தானே வெளியே போகலாம்? நீரு விழும்" என்றான் கொம்பையா.

"நானா? நீரு விழும்வே!"

"நான் எதுக்கு விழணும்?"

பார்த்தீர்களா பிள்ளைகளே, பல் போனாலும் கண் போனாலும் அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. ஆகவே ஆட்டம் தொடங்கியது.

சுற்றிச் சுற்றி வந்தார்கள். கொம்பையா ஒன்றைக் கவனித்தான். வண்ணமுத்து ஒருமுறைகூட இடப்பக்கமாக வரவில்லை. முழங்கால் நோக நோகச் சுற்றிக்கொண்டு வலப்பக்கமாகவே வந்தான். 'இவன் ஓர் எட்டு அந்தப் பக்கம் வைத்தால் என் உலகம் இருண்டு போகும். வைக்க மாட்டேன் என்கிறானே' என்று கொம்பையா நினைத்தான். அதன்பின் அவன் விட்ட குத்தெல்லாம், கன்றைத் தட்டிக்கொடுப்பது போல, வண்ணமுத்துவின் தோளில்தான் விழுந்தது.

"குத்துங்கன்னா மாவு பிசையுதீங்களே!" என்று கூட்டம் சிரித்தது.

தளவாய்ப் பதவி கண்முன்னே நழுவுவதை அழகுத்துரை கண்டான். குதித்து எழுந்து, "வண்ணமுத்து! இடப்பக்கம் போ! அவனுக்கு இடது கண் குருடு! தலையில் ஒன்று வை, மற்றதும் அவிந்துவிடும்! வைத்தியரே என்னிடம் சொன்னார்!" என்று கத்தினான்.

"அடப்பாவி! தெரிஞ்சேதான் கூட்டியாந்தியா?" என்று கூட்டத்திலிருந்து மாடத்தியின் குரல் எழுந்தது. அதையும் கேளாமல் அவன் கயிற்றைத் தாண்டி ஓடினான். ஓடி, வண்ணமுத்துவின் முதுகில் கைவைத்துத் தள்ளினான்.

முரசு நின்றது. "மகாராஜா, மூணாவது ஆள் இறங்கியாச்சு" என்றான் முரசுக்காரன்.

அழகுத்துரை விழித்தான். விவரம் தெரிந்ததும், "அத்தான்! அத்தான்!" என்று அலறினான்.

"உன் அக்காள் என்னை அந்தப்புரத்துக்குள் விடமாட்டாள், ஆனாலும் வழக்கம் வழக்கந்தான். சுற்றுங்கள் துணியை" என்றார் ராஜா.

கொம்பையா அவன் முட்டியில் சுற்றினான். அழகுத்துரை நன்றாகப் பார்த்தான். ஒருவனுக்குக் கை மூடவில்லை, மற்றவனுக்குக் கண் தெரியவில்லை. இந்தக் கிழங்களுக்கா பயப்படுவது என்று பூனை போலக் கொம்பையாவின் இடப்பக்கம் நழுவிப்போய்க் கையை ஓங்கினான்.

"கொம்பா, இடது தோளுக்கு நேரா, ஒரு முழத்துல. தாடை உம்ம கழுத்து உசரம்" என்றான் வண்ணமுத்து.

ஒரே குத்து. அழகுத்துரை மண்ணில் கிடந்தான். ஆட்டம் முடிந்தது.

"உங்களில் வென்றவர் யார்?" என்று ராஜா கேட்டார்.

கொம்பையா வண்ணமுத்துவைப் பார்த்தான். "குத்தினது என் கை, பார்த்தது இவரு கண்ணு. எப்படிப் பிரிச்சுச் சொல்ல, மகாராஜா?" என்றான்.

அழகுத்துரைக்குத் தளவாய்ப் பதவியும் கிடைக்கவில்லை, தாடையும் நேராகவில்லை. அதன்பின் அவன் ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் கொண்டுபோனால், அவன் என்ன சொல்கிறான் என்றே யாருக்கும் விளங்கவில்லை. கொம்பையா வலப்பக்கம் மாடத்தியைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான். ஆற்றங்கரை வரைக்கும் வண்ணமுத்து அவனுக்கு இடப்பக்கமாகவே நடந்து வந்தான்.

ஒருவன் சொன்ன சொல்லை அவன் வாயிலிருந்தே கேட்க வேண்டும், பிள்ளைகளே. இடையில் வந்தவன் வாயால் கேட்டால் அது பகையாகத்தான் வந்து சேரும். அவர்கள் அங்கே வீடு போய்ச் சேர்ந்தார்கள். கதை இங்கே உங்கள் காதுக்கு வந்து சேர்ந்தது.