நாய்ப் பரீட்சையில் ஒருமனதான தீர்ப்பு

நான் கும்பிடும் சாமி மேல் ஆணை, இனி நான் சாப்பிடப்போகும் சோற்றின் மேல் ஆணை, இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பாதியில் எழுந்தால் மற்றவர்களுக்கு இடைஞ்சல்.

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், கேட்டால் சொல்லிவிடுவேன். நல்ல ராஜா. வரி வாங்கும்போதுகூட முகம் சுளிக்காமல் வாங்குவார். அவருக்கு வேட்டை நாய் என்றால் உயிர். அவரைப் பெற்ற ராஜமாதாவுக்கும் உயிர். ராணியின் அண்ணன், தங்கையைப் பார்க்க வந்து அரண்மனையிலேயே தங்கிவிட்ட மைத்துனர், அவருக்கும் உயிர். மூவரும் ஆளுக்கொரு நாய் வைத்திருந்தார்கள்.

ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் கோட்டைக்கு வெளியே பெரிய பொட்டலில் நாய்ப் பரீட்சை நடக்கும். ஒரு முயலை விடுவார்கள், அதன் பின்னால் ஒரு நாயை விடுவார்கள். அது ஓடி முடித்த பிறகுதான் அடுத்த நாய். முயல் பிடிபட்டதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பது நாகரிகக் குறைவு. முயல் பிடிபடுவது சமையற்காரரின் கவலை. நாயின் நடை, நோக்கு, நெஞ்சுரம் இவைதான் பரீட்சை. இதையெல்லாம் அளக்க அளவுகோல் கிடையாது என்பதால் மூன்று நடுவர்களை வைத்திருந்தார்கள்.

நடுவர்கள் நாயை அடையாளம் கண்டு ஓரவஞ்சனை செய்துவிடக் கூடாது என்று, எல்லா நாய்களுக்கும் செம்மண்ணைக் குழைத்து மூக்கு முதல் வால் வரை பூசிவிடுவது வழக்கம். பூசிவிட்டால் எது யாருடைய நாய் என்று தெரியாமல் போகுமே என்று, அவரவர் நிறத்தில் கழுத்துத் துணி கட்டிவிடுவதும் வழக்கம். ராஜாவுக்குச் சிவப்பு, மைத்துனருக்குப் பச்சை, ராஜமாதாவுக்கு மஞ்சள். இந்த இரண்டு வழக்கங்களும் தலைமுறை தலைமுறையாக அக்கம்பக்கத்தில் குடியிருந்தும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டதே இல்லை.

தளபதி வீரமழவர் வேகத்தைப் பார்ப்பார். சோதிடர் பிங்கலர் வாலின் சுழியைப் பார்ப்பார். அமைச்சர் நல்லடியார் மற்ற இருவரின் முகத்தைப் பார்ப்பார். முன்பு ஒரு நாய் ஒரு நடுவரின் வேட்டியைக் கவ்விக்கொண்டு போனதிலிருந்து, மூவரும் பொட்டலை விட்டு எட்ட ஒரு பரண் கட்டி அதன் மேல் உட்கார்ந்துதான் தீர்ப்புச் சொல்வார்கள். அங்கிருந்து பார்த்தால் நாய் எலுமிச்சம்பழ அளவு தெரியும். வாலின் சுழி சோதிடருக்கு மட்டும் தெரியும்.

தீர்ப்பு ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை. பரண் மேல் தொடங்கிய சண்டை அரண்மனைக்குள் வந்து சேரும். சிவப்பு ஜெயித்தது என்றால் ராஜமாதா மகனோடு பேச மாட்டார். மஞ்சள் ஜெயித்தது என்றால் ராணி கணவரோடு பேச மாட்டாள். பச்சை ஜெயித்தது என்றால் மைத்துனர் பேசிக்கொண்டே இருப்பார். மூன்றில் கொடியது அதுதான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ராஜா ஒருநாள் சபையில் சொன்னார்: "இந்த ஆண்டு மூன்று நடுவர்களும் ஒரே நாயைக் கைகாட்ட வேண்டும். வாதம் கூடாது. இதற்கு யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்."

சபை தரையைப் பார்த்தது. சோதிடர் பிங்கலர் மட்டும் எழுந்தார். "அரசே, எந்தச் சிக்கலையும் அவிழ்க்கும் மதியூகி ஒருவர் தங்கள் சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு அமர்ந்திருக்கிறாரே."

அந்த முக்காலியில் இருந்தவர் சடையாண்டி, அரசவை விகடகவி. ராஜா சிரிப்பதெல்லாம் அவர் சொல்லுக்குத்தான் என்பதால் நடுவர்கள் மூவருக்கும் அந்த முக்காலியைக் கண்டாலே வயிறு எரியும். அதோடு ஊருக்கே தெரிந்த ஒரு சங்கதி உண்டு. சடையாண்டிக்கு நாய் என்றால் குலைநடுக்கம். எதிரே நாய்க்குட்டி வந்தால் கோயில் தூணில் ஏறிவிடுவார். இறக்குவதற்கு ஆள் வர வேண்டும்.

"பொறுப்பு என்றால் தண்டனையும் இருந்தால்தானே அழகு," என்றார் தளபதி. "தீர்ப்பு ஒன்றாகாவிட்டால் சடையாண்டியார் நாய்க்கொட்டடியின் மேற்பார்வையாளராக இருக்கட்டும். ஆயுள் முழுவதும். அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி."

ராஜாவுக்கு அதைக் கற்பனை செய்து பார்த்ததிலேயே சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். பரீட்சையை நடத்தும் அதிகாரம் முழுவதும் உன்னுடையது, சடையாண்டி. நாய், முயல், செம்மண், துணி எல்லாம் உன் பொறுப்பு. நடுவர்களின் வாயை மட்டும் நீ கட்டக் கூடாது."

சடையாண்டி முக்காலியை விட்டு எழுந்தார். "அரசே, ஒரு தெளிவுக்காகக் கேட்கிறேன். மூன்று பேரும் ஒரே நாயைக் காட்ட வேண்டும். வேறு நிபந்தனை ஏதும் இல்லையே?"

"இல்லை. அதுவே இதுவரை நடந்ததில்லை."

சபை கலைந்ததும் மூவரும் அவரை வாசலில் மடக்கினார்கள். சோதிடர் தம் வெற்றிலைத் தட்டை நீட்டினார். "எடுத்துக்கொள்ளும், சடையாண்டியாரே. நாங்கள் மூவரும் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம்."

"என்னவென்று?"

"ஒருமனதாக இருப்பதில்லை என்று. தளபதிக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை, அமைச்சருக்கு மஞ்சள்."

"எனக்கு மஞ்சள்தானா?" என்று முனகினார் அமைச்சர். "போன தடவை அந்த நாய் பரண் காலில் வந்து காலைத் தூக்கியது."

"சீட்டுக் குலுக்கித்தானே எடுத்தோம். பேசாமல் இரும்." தளபதி சடையாண்டியின் தோளில் கை போட்டார். "கொட்டடியில் உமக்கு ஒரு கட்டில் போடச் சொல்லிவிட்டேன். இப்போது அதில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. கொஞ்சம் ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும்."

சடையாண்டி வீட்டுக்குப் போனார். மனைவி சோறு போட்டாள். ஒரு வாய் வைத்தார், இறங்கவில்லை. கொட்டடியில் எப்படிச் சாப்பிடப்போகிறோம், சுற்றிலும் அத்தனை கண்கள் இலையையே பார்த்துக்கொண்டிருக்குமே என்ற நினைவு வந்ததும் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் கொட்டடிக்குப் போனார். உள்ளே போகவில்லை. மதிலுக்கு வெளியே நின்று, காவலன் ஒச்சப்பனைக் கூப்பிட்டார்.

"உள்ள வாங்க சாமி. ஒண்ணும் செய்யாது."

"எது ஒன்றும் செய்யாது?"

"எல்லாந்தான்."

அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்த எல்லாமும் சேர்ந்து குரைத்தன. சடையாண்டி வேப்ப மரத்தின் முதல் கிளைக்குப் போய்விட்டார். அங்கிருந்தே பேச்சைத் தொடர்ந்தார். "ஒச்சப்பா, இதுகளில் குரைக்காத நாய் ஒன்றாவது உண்டா?"

"அந்தா, அடுப்புச் சாம்பல்ல கெடக்குதே, வெள்ளையன். அது குரைக்காதுங்க. கடிக்காது. கடிக்கணும்னு நெனச்சாலும் வாயில பல்லு இல்ல."

"ஓடுமா?"

"சோத்துப் பானையக் காட்டினா ஓடும். பசியா இருந்தா காத்தா வரும். அரை வயிறு ரொம்பிட்டா ஏதோ வரும். முழு வயிறும் ரொம்பிட்டா, நீங்க பானையத் தூக்கிக்கிட்டு அதுகிட்டப் போகணும்."

சடையாண்டி கிளையில் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒச்சப்பா, மூன்று நாய்களைக் கட்டி மேய்க்க என்னால் ஆகாது. இந்த ஒன்றே போதும்."

பரீட்சை நாள் வந்தது. பொட்டலைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. ராஜா குடும்பம் பந்தலில். நடுவர்கள் பரண் மேல். பொட்டலின் இந்தக் கோடியில் முட்புதருக்குப் பின்னால் சடையாண்டி. கூடவே செம்மண் பூசிய வெள்ளையன். அந்தக் கோடியில் இன்னொரு புதருக்குள் ஒச்சப்பன், கறிச்சோற்றுப் பானையோடு. ராஜ நாய்கள் மூன்றும் கொட்டடியில் ஆட்டுக்கறி தின்று மல்லாந்து கிடந்தன.

சடையாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு வெள்ளையன் கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டினார். முடிச்சுப் போடுவதற்குள் மூன்று தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டார். வெள்ளையன் அவர் முழங்கையை நக்கியது. கை போய்விட்டது என்றே நினைத்தார். கண்ணைத் திறந்து பார்த்தால் இருந்தது.

முயல் விடப்பட்டது. அந்தக் கோடியிலிருந்து பானையின் மணமும் வந்தது. முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்த வெள்ளையன் வில்லிலிருந்து விட்டதுபோலப் பாய்ந்தது. பாதி வழியில் முயலைத் தாண்டிக்கொண்டு போனது. தன்னைத் துரத்துகிற நாய் தனக்கு முன்னால் போவதைப் பார்த்த முயல் குழம்பிப்போய் நின்றுவிட்டது.

ஒச்சப்பன் அரை வயிற்றுக்குச் சோறு போட்டு, வாய்க்கால் வழியாக மறைவாகக் கூட்டிவந்தான். இப்போது பச்சைத் துணி. வெள்ளையன் சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்போல நிதானமாகப் போய்ச் சேர்ந்தது. மீதிச் சோறும் ஆயிற்று. மஞ்சள் துணியோடு புறப்பட்டபோது அது நாலு அடி நடந்தது, உட்கார்ந்தது, காதைச் சொறிந்தது. முயலும் உட்கார்ந்து இதைப் பார்த்தது. பிறகு இரண்டும் அதனதன் வழியே போய்விட்டன.

பரண் மேலிருந்து நடுவர்கள் இறங்கி ராஜாவின் முன் வந்தார்கள்.

"சிவப்பைப் போல ஒரு நாய் இனிப் பிறக்கப்போவதில்லை," என்றார் தளபதி. "என்ன பாய்ச்சல், என்ன பல். முயல் பயத்திலேயே நின்றுவிட்டது. பச்சை என்று ஒன்று வந்ததே, அதற்குப் பின்னங்கால் பிறவியிலேயே கோணல். வேட்டை ரத்தமே இல்லை."

"கோணல் உமது பார்வையில்," என்றார் சோதிடர். "பச்சையின் வாலில் வலம்சுழி. நடையில் யானையின் பெருமிதம். சிவப்புக்கு இடம்சுழி. அது இருக்கும் வீடு விளங்காது."

அமைச்சர் நல்லடியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் பாடுதான் திண்டாட்டம். "மஞ்சள்தான் சிறந்தது, அரசே. மற்ற இரண்டும் முயலைத் துரத்தின. மஞ்சள் துரத்தவில்லை. அமர்ந்து, சிந்தித்தது. பகையை ஓடவிட்டுச் சோர்வடையச் செய்வதுதான் உயர்ந்த ராஜதந்திரம். காதைச் சொறிந்தது பகைவரைத் திசைதிருப்ப."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ராஜாவின் முகம் கறுத்தது. ராணி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராஜமாதா, "எனக்கு அப்பவே தெரியும்ப்பா," என்று ஆரம்பித்தார். சோதிடர் சடையாண்டியைப் பார்த்து மெல்ல ஒருமுறை குரைத்துக் காட்டினார்.

சடையாண்டி முன்னால் வந்து கைகூப்பினார். "நடுவர்களே, யாருக்காவது தீர்ப்பை மாற்றிக்கொள்ளும் எண்ணம் உண்டா?"

"தலையே போனாலும் மாற்ற மாட்டோம்," என்றார் தளபதி. மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

"அரசே, அப்படியானால் ஜெயித்த நாயைக் கூப்பிடுகிறேன்."

ஒச்சப்பன் வெள்ளையனை நடத்திக்கொண்டு வந்தான். அதன் கழுத்தில் சிவப்பு, பச்சை, மஞ்சள், மூன்று துணிகளும் இருந்தன. வெயிலில் செம்மண் உதிர்ந்து உள்ளே நரைத்த வெள்ளை தெரிந்தது. அது ராஜாவைப் பார்த்து ஒரு பெரிய கொட்டாவி விட்டது. ஊர் முழுவதும் அதன் வாய்க்குள் பார்த்தது. உள்ளே ஈறு மட்டும்தான் இருந்தது.

"மூன்று முறையும் ஓடியது இதுதான், அரசே," என்றார் சடையாண்டி. "தளபதி காட்டியது இதை. சோதிடர் காட்டியது இதை. அமைச்சர் காட்டியதும் இதையேதான். தங்கள் ஆட்சியில் முதன்முறையாக மூன்று நடுவர்களும் ஒரே நாயைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தலையே போனாலும் மாற்ற மாட்டார்களாம்."

"இது மோசடி," என்றார் தளபதி. "பல்லில்லாத கிழட்டு நாய் இது."

"பல்லைப் புகழ்ந்தது நீங்கள், நான் அல்ல."

ராஜா உதட்டைக் கடித்துக்கொண்டார். "எங்கள் மூன்று நாய்களும் ஓடவே இல்லையா?"

"ஓடவில்லை, அரசே. அதனால் தோற்கவும் இல்லை. எத்தனை நாய் ஓட வேண்டும் என்று தாங்களும் சொல்லவில்லை. ஒன்றைப் பிடித்துக் கட்டுவதற்கே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மூன்று என்றால் இன்னும் ஒரு உயிர் கடன் வாங்க வேண்டியிருக்கும்."

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் ராஜமாதா. "என் மஞ்சத் துணி ஜெயிச்சுதா இல்லையா, அதைச் சொல்லு."

"ஜெயித்தது, தாயே."

"என் அண்ணனுடையது?" என்றாள் ராணி, இந்தப் பக்கம் திரும்பி.

"அதுவும்தான், மகாராணி. அரசருடையதும்."

ராஜா தாயைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். இருவரும் அவரோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். மைத்துனர் பேச வாயெடுத்தவர், தனியாகப் பெருமையடிக்க ஏதும் இல்லை என்று தெரிந்து மூடிக்கொண்டார். ராஜாவின் வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. சிம்மாசனத்தில் இருந்தால் புரண்டு விழுந்திருப்பார். பாயில் உட்கார்ந்திருந்ததால் புரண்டதோடு சரி.

சிரித்து முடித்ததும் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டார். வெள்ளையனுக்கு ஆயுள் முழுவதும் கறிச்சோறு என்று உத்தரவிட்டார். நடுவர்கள் மூவரும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளியப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அடுத்த ஆண்டும் இவர்களே நடுவர்கள். இவ்வளவு ஒற்றுமையானவர்களுக்கு நான் எங்கே போவேன்?" என்றார்.

சடையாண்டி வீட்டுக்குப் போனார். மனைவி சோறு போட்டாள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மாலையைக்கூடக் கழற்றாமல் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கினார்.

ஆணையிட்டுச் சொன்னவன் இதையும் மறைக்கக் கூடாது: அந்த நாட்டுக்கு முதன்முதலாக ஒரு நாய் கப்பலில் வந்து இறங்கியது, இந்த ராஜா காலமாகி இரண்டு தலைமுறைக்குப் பிறகு.