காவல் மந்தியின் மூன்று காரணங்கள்

ஒரு காட்டில் பெரிய அத்தி மரம் இருந்தது. மரத்தின் மேலே மந்திகளும், அடியில் புள்ளிமான்களும் ஒற்றுமையாக இருந்தன. மந்திகள் பழம் உதிர்க்கும், மான்கள் தின்னும். சிறுத்தை தலை தெரிந்தால் உச்சிக் கிளையில் இருக்கும் காவல் மந்தி கத்தும். சிறுத்தையின் வாடை அடித்தால் மான்கள் கத்தும். இந்த ஒப்பந்தத்தால்தான் இரண்டு கூட்டமும் பிழைத்து வந்தன.

காவல் மந்தியின் பெயர் நெடுவாலன். மகா புத்திசாலி. நாம் எங்கே தெரிந்துகொள்ளாமல் போய்விடுவோமோ என்று, அதைத் தானே எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளும்!

அன்று நெடுவாலன் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் கொம்பையன் என்ற மான், நெடுவாலனின் குட்டியைக் கொம்பால் இடித்துத் தள்ளிவிட்டது. சின்னச் சிராய்ப்புதான். ஆனால் கொம்பையன் வந்து ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

அப்போது புதருக்குள் ஏதோ அசைந்தது. சிறுத்தை! கீழே கொம்பையனின் குட்டி தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. காற்று எதிர்ப்பக்கம் வீசியதால் எந்த மானுக்கும் வாடை தெரியவில்லை.

நெடுவாலன் வாயைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"என்னங்க பார்க்கறீங்க?" என்று கீழ்க்கிளையிலிருந்து அதன் மனைவி செம்பி கேட்டது. இலை மறைத்ததால் செம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல. நியாயத்தை யோசிக்கிறேன்."

நெடுவாலன் நன்றாகவே யோசித்தது. 'ஒண்ணாவது, ஒப்பந்தத்தை முதலில் மீறியது மான்கள்தான். ரெண்டாவது, சிறுத்தைக்கும் பசிக்கும்தானே? மூணாவது, மானுக்குத்தான் மூக்கு இருக்கே, மோந்து தெரிஞ்சுக்கட்டும்!'

மூன்றும் நல்ல காரணங்கள். கெட்டிக்கார வக்கீல்கூட இவ்வளவு சீக்கிரம் அடுக்கியிருக்க மாட்டார். நெடுவாலனுக்குத் தன்மேலேயே மரியாதை வந்தது.

சிறுத்தை வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. பத்தடி. எட்டடி.

மான்குட்டி தலையைத் தூக்கி மேலே பார்த்தது. "மாமா! இன்னொரு பழம் போடுங்க மாமா!"

நெடுவாலனின் நெஞ்சு பதறியது. மூன்று காரணங்களும் எங்கே போயினவோ தெரியாது. "ஓடு! சிறுத்தை! ஓடு கண்ணு, ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

மான்குட்டி துள்ளியது. சிறுத்தை பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் வெறும் புழுதிதான் இருந்தது. மான்கூட்டம் அதற்குள் ஓடையைத் தாண்டிவிட்டது. சிறுத்தை மரத்தை ஒரு முறை முறைத்துவிட்டு நடையைக் கட்டியது.

"அப்பாடா!" என்றது செம்பி. நெடுவாலனுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

சாயங்காலம் கொம்பையன் மூச்சிரைக்க ஓடி வந்தது. "அண்ணே, என் பிள்ளையக் காப்பாத்திட்டீங்க! நேத்து உங்க குட்டிய இடிச்சிட்டேனாமே? இப்பதான் சொன்னாங்க. சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே!"

நெடுவாலன் தலையைக் குனிந்துகொண்டது. "கொம்பையா, நான் சிறுத்தைய முதல்லயே பார்த்துட்டேன். வேணும்னேதான் சும்மா இருந்தேன்."

கொம்பையன் ஓடைப்பக்கம் நின்ற தன் குட்டியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, "கடைசியில கத்துனீங்கல்ல? பிள்ள உசுரோட இருக்கான். எனக்கு அது போதும்" என்றது.

அது போன பிறகு செம்பி மெல்லக் கேட்டது. "ஏதோ நியாயத்தை யோசிக்கிறேன்னு சொன்னீங்களே?"

"நியாயமாவது ஒண்ணாவது! கோபம்தான் நியாயம் மாதிரி பேசிச்சு, செம்பி. நல்லவேளை, அது பேசி முடிக்கிறதுக்குள்ள கத்திட்டேன்."

கோபத்துக்குக் காரணம் தேடித் தரும் புத்தியை நம்பாதீர்கள். ஓர் உயிர் ஆபத்தில் இருக்கும்போது, இரக்கம் சொல்வதை முதலில் செய்யுங்கள்.